பசவனகுடி வீட்டில் 12 வாரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒன்றும் பெரிய வித்வாம்சினி இல்லை. கர்நாடக சங்கீத வயலின், ரேடியோ ஆடிஷனில் பி ஹை கிரேடு, பெங்களூர் அல்சூரில் வீடு, 14 டியூஷன் பிள்ளைகள், வருடத்துக்கு முப்பது முப்பத்தைந்து கச்சேரி. அதில் பாதிக்கு மேல் ஆட்டோ, பஸ், கம்பிச் செலவு போனால் கையில் எதுவும் தங்காது. இப்படி ஓடிக்கொண்டிருந்த எனக்கு 25 வயதில், 2023 ஜனவரியில், ஒரு டிரஸ்ட் நடத்தும் ரெசிடென்சியில் இடம் கிடைத்தது. 12 வாரம் பெங்களூரிலேயே பசவனகுடியில் ஒரு பழைய வீட்டில் தங்க வேண்டும், சாப்பாடு அவர்கள் பொறுப்பு, கைக்கு மாதம் 15,000 ரூபாய். பதிலுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "சாதகம் பண்ணுங்க, அவ்வளவுதான்" என்றார்கள், அதாவது வாசித்துப் பழகினால் போதும்.

வீட்டில் யாரும் நம்பவில்லை. "சோறும் போட்டு, தூங்க இடமும் குடுத்து, மேல பணமும் தர்றாங்கன்னா எங்கேயோ இடிக்குதே" என்றாள் அத்தை. அப்பா எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நிம்மதி. அந்தக் குணம் எவ்வளவு உபயோகமானது என்று எனக்கு எட்டாவது வாரத்தில்தான் புரிந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

நான் போய்விட்டு வந்த பிறகு, ரெசிடென்சி எப்படி இருந்தது, நாங்களும் போகலாமா என்று ஏழெட்டுப் பேர் போன் பண்ணி விசாரித்துவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் பேசுவதற்கு எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ரெசிடென்சி என்றதும் பெரியவர்கள் குருகுலவாசம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு. வயலின் மேதை சௌடையா மைசூரில் பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் இருந்ததும், பாடகர் கே.வி. நாராயணசுவாமி அரியக்குடியிடம் இருந்ததும் ஒரு குருவின் நிழலில் இருந்த காலம். குரு பாடும்போது பின்னால் உட்கார்ந்து பாடி, அவர் எப்படி மூச்சு எடுக்கிறார், எந்தக் கச்சேரியில் எதைத் தவிர்க்கிறார் என்று பார்த்துப் பார்த்தே வந்த பாடாந்தரம், குரு வழிப் பாட்டு முறை, அது. அதை இன்றைக்கும் நிறுவனமாக நடத்துகிற இடம் கொல்கத்தாவில் டாலிகஞ்சில் இருக்கிற ஐ.டி.சி. சங்கீத் ரிசர்ச் அகாடமி. இந்துஸ்தானிப் பாடகர் ரஷீத் கான் சின்னப் பையனாகத் தன் குரு நிசார் ஹுசைன் கானோடு அங்கே போய் வளர்ந்தவர். எங்கள் வீட்டிலோ குரு என்று யாரும் இல்லை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒரு மூத்த கலைஞர் வந்து அரை நாள் இருந்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் நாங்கள் ஐந்து பேர்தான்: பாலக்காட்டிலிருந்து வந்த பாட்டுக்காரப் பெண், ஸ்ரீரங்கத்துப் பையன் ஒருவன், அவனும் பாட்டு, கும்பகோணத்து மிருதங்கக்காரர், மைசூரிலிருந்து வீணை வாசிக்கிற பெண், நான்.

குரு இல்லாத வீட்டுக்குப் போவதால்தான் உங்கள் குருவிடம் முதலில் சொல்ல வேண்டும். அப்ளிகேஷன் போட்ட பிறகு சொன்னவர்கள் இரண்டு பேர் எனக்குத் தெரியும், இரண்டு இடத்திலும் மனஸ்தாபம் ஆகிவிட்டது. நான் மல்லேஸ்வரம் போய் சாரிடம் நேரில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "போய்ட்டு வா. எல்லார்கிட்டயும் கேளு. வில் போடறதை மட்டும் யாரைப் பார்த்தும் மாத்திக்காதே" என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் கச்சேரியில் பெரும்பாலும் ஒத்திகை என்பதே கிடையாது. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். பாடுகிறவர், வயலின், மிருதங்கம் மூன்று பேரும் பல சமயம் கிரீன் ரூமில்தான் முதன்முதலாக முகம் பார்த்துக்கொள்கிறோம், "என்ன கட்டை சார்?" என்று பாடுகிறவரின் சுருதி உயரத்தைக் கேட்டு, அதற்குச் சேர்த்துக்கொண்டு மேடை ஏறிவிடுகிறோம். அது ஒரு பெரிய வித்தைதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கச்சேரி முடிந்ததும் எல்லாரும் "பேஷா இருந்தது" என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். நீங்கள் என்ன தப்பு செய்தீர்கள் என்று உங்களிடம் சொல்வதற்கு உலகத்தில் ஒருத்தருக்கும் நேரம் இல்லை, சொன்னால் அடுத்த கச்சேரிக்கு நீங்கள் கோபித்துக்கொண்டு வராமல் போய்விடுவீர்களோ என்ற தயக்கமும் இருக்கிறது.

மூன்றாவது வாரம், காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, முந்தின நாள் முகாரி ராகத்தில் ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடிய நிரவலைப் பற்றிப் பேச்சு வந்தது. பாலக்காட்டுப் பெண் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? நான் மூச்சு விடற இடத்துல எல்லாம் நீங்க நிரப்பிடறீங்க. நான் சும்மா விட்டது சும்மாவே இருக்கட்டும்னு விட்டது" என்றாள்.

9 வருடமாக நான் மேடையில் வாசிக்கிறேன். ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை. எனக்கு முதலில் சுள்ளென்று கோபம்தான் வந்தது, பொய் சொல்வானேன், அன்றைக்கு மத்தியானம் வரை அவளோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் மொபைலில் இருந்த பழைய கச்சேரி ரெக்கார்டிங் நாலைந்தை எடுத்து ஹெட்போனில் கேட்டேன். அவள் சொன்னது அப்படியே இருந்தது. பாடுகிறவர் நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும், ஏதோ கடன்காரன் வாசலில் நிற்கிற மாதிரி அவசரமாக, என் வயலின். அதை விடுவதற்கு ஒரு மாதம் ஆனது. அவள் பாட, நான் வில்லைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிற சாதகம். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் கை நமநமவென்று அரிக்கும்.

எனக்கு அந்த 12 வாரத்தில் கிடைத்த பெரிய லாபம் இது ஒன்றுதான். பணமோ, கடைசியில் கொடுத்த ஷீல்டோ இல்லை. தினமும் உங்களைக் கேட்கிற காதும், கேட்டதைச் சொல்ல நேரமும், சொன்ன பிறகு மறுநாளும் அதே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டிய கட்டாயமும் சேர்ந்து ஒரு இடத்தில் கிடைப்பது அபூர்வம். எந்த ரெசிடென்சியைப் பார்த்தாலும் நான் இப்போது இதைத்தான் முதலில் தேடுகிறேன்: கூடத் தங்குகிறவர்கள் யார், ஒன்றாக உட்கார எத்தனை மணி நேரம் விட்டிருக்கிறார்கள். ஐந்து பாட்டுக்காரர்களை மட்டும் ஒரு வீட்டில் போட்டால் பக்கவாத்தியம் வாசிக்கிறவருக்கு அங்கே வேலை இல்லை, பாடுகிறவர்களுக்கும் ஒருவர் குரலை ஒருவர் எடை போடுவதிலேயே நாள் போய்விடும்.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் மார்ல்போரோ என்று ஒரு இடம். 1951-ல் பியானோ மேதை ருடால்ஃப் செர்கினும் அவரைச் சேர்ந்தவர்களும் தொடங்கியது. ஒவ்வொரு கோடையிலும் மூத்தவர்களும் இளையவர்களும் ஒன்றாகத் தங்கி வாசிக்கிறார்கள். எடுத்துக்கொண்ட உருப்படியை மேடையில் வாசித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. பழகிப் பார்த்ததில் கொஞ்சம்தான் கச்சேரிக்கு வரும், மிச்சம் பழகியதோடு சரி. எங்களிடம் வந்த ஒரு மூத்த வயலின்காரர் இதைச் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மேடைக்குப் போகாத உழைப்பு வீண் என்றுதானே நாம் வளர்ந்திருக்கிறோம்.

அந்தத் தெம்பில், ஒரே வரியை வைத்து விரித்துப் பாடுகிற பல்லவி ஒன்றை எடுத்தோம். கண்ட ஜாதி திரிபுட தாளம், 9 அட்சரம் (தாள எண்ணிக்கை), இரண்டு களை, அதாவது ஒவ்வொரு எண்ணிக்கையும் இரட்டிப்பு, தோடி ராகத்தில். ஸ்ரீரங்கத்துப் பையன்தான் பாட்டு. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்தோம். அதே வரியை மூன்று வேகத்தில் வாசிக்கிற திரிகாலம் செய்யும்போது நான் மூன்றாம் காலத்தில் எப்போதும் அரை அட்சரம் முன்னால் போய் விழுகிறேன் என்று மிருதங்கக்காரர் கண்டுபிடித்தார். அவர் அதிகம் பேச மாட்டார், தொடையில் தட்டிக் காட்டுவார். பக்கத்து வீட்டு அஜ்ஜி (பாட்டி) ஒரு நாள் காம்பவுண்டுச் சுவர் மேலே எட்டிப் பார்த்தார். சத்தம் அதிகமாக இருக்கிறது என்று சொல்லப்போகிறார் என்று பயந்தோம். அவர் கன்னடத்தில் கேட்டது வேறு: "அந்த ஒரே வரியைத்தான் இத்தனை நாளாகப் பாடுகிறீர்களே, அடுத்த வரி எப்போது வரும்?"

அடுத்த வரி வரவே இல்லை. இறுதி நாள் நிகழ்ச்சியில் ஒவ்வொரு ஜோடிக்கும் 40 நிமிஷம்தான், அதற்குள் நாலு உருப்படியாவது வேண்டும் என்று டிரஸ்டில் சொல்லிவிட்டார்கள். பல்லவியை வீட்டுக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாடி முடித்தோம். அஜ்ஜி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

இனி கொஞ்சம் பண விஷயம், இதைத்தான் போனில் எல்லாரும் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள்.

15,000 என்பது கேட்க நன்றாக இருந்தது. ஆனால் என் டியூஷன் வருமானம் அதைவிட அதிகம். 12 வாரம் விட்டால் பிள்ளைகளில் பாதி வேறு டீச்சரிடம் போய்விடுவார்கள், அது நிச்சயம். அதனால் சேர்வதற்கு முன்பே பேசி, சனிக்கிழமை முழுவதும் எனக்கு வெளியே போக அனுமதி வாங்கிக்கொண்டேன். நேஷனல் காலேஜ் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் மாறினால் அல்சூர், வீட்டில் எட்டு மணி நேரம் பாடம், ராத்திரி திரும்பி வந்துவிடுவேன். கேட்டால் கொடுக்கிறார்கள். கேட்காமல் சேர்ந்த வீணைப் பெண் மைசூரில் தன் வகுப்பு மொத்தத்தையும் இழந்தாள்.

இரண்டாவது, கம்பிச் செலவு. பாலக்காட்டுப் பெண்ணுக்கு ஐந்தரைக் கட்டை, ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு ஒன்றரை. என்னிடம் இருந்தது ஒரே வயலின். காலையில் அவளுக்கு ஏற்றி, சாயங்காலம் அவனுக்கு இறக்கி, முதல் வாரத்திலேயே மேல்கம்பி இரண்டு தடவை அறுந்தது, கம்பியை முறுக்குகிற பிருடை வழுக்க ஆரம்பித்தது. சார் தன் பழைய வயலின் ஒன்றைக் கொடுத்தனுப்பினார், அதனால் பிழைத்தேன். மிருதங்கக்காரருக்கு உச்ச சுருதிக்கு ஒன்று, தாழ்ந்த தக்கு சுருதிக்கு ஒன்று என்று இரண்டு வாத்தியம், மார்ச் வெயிலில் தோல் இறுகி சுருதி ஏறிவிடும், நடுவில் ஒரு வலந்தலையையே, வலது பக்கத் தோலை, மாற்ற வேண்டியிருந்தது. இதற்கெல்லாம் டிரஸ்ட் பட்ஜெட்டில் காசே ஒதுக்கவில்லை. கெட்ட எண்ணம் இல்லை, அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வாத்தியம் வாசிக்கிறவர்கள் பராமரிப்புச் செலவை ஒரு தனி வரியாக எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

மிருதங்கத்துக்கு இடது பக்கத் தொப்பியில் ரவை பூசுவார்கள் இல்லையா, தினமும் பிசைந்து பூசி, வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். சமையல் அக்கா உப்புமாவுக்கு வைத்திருந்த ரவை அப்படிக் காணாமல் போய், ஒரு வாரம் வீட்டில் பெரிய கலாட்டா. "நான் என்ன தம்பி, தோலுக்கா சமைக்கிறேன்?" என்று அவர் கேட்டது இன்னும் எங்களுக்குள் ஓடுகிற ஜோக்.

மூன்றாவது, பணம் தாமதமாக வந்தது. பிப்ரவரிப் பணம் மார்ச் நடுவில்தான் வந்தது, அதுவும் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு. வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் அது திரும்பி வரும், நான் அப்படித்தான் வாங்கினேன், ஆனால் அதுவரை கையில் இல்லை. ஒரு மாதச் செலவுக்காவது சொந்தப் பணம் இல்லாமல் போகாதீர்கள். தாமதம் ஏன் என்று கணக்குப் பார்ப்பவரிடம் கேட்டேன். பெரிய கம்பெனிகள் கடந்த மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவு செய்ய வேண்டும் என்று 2013 கம்பெனிகள் சட்டத்தில் இருக்கிறது, கலை, பண்பாடும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்தப் பணத்தை நம்பித்தான் இந்த மாதிரி வீடுகள் ஓடுகின்றன. மார்ச் 31 நெருங்கும்போதுதான் செக் வரும். கம்பெனிக்காரர்களுக்கு மேடைக்குப் பின்னால் பேனர் கட்டிய படம் ஒன்று இருந்தால் ஆண்டறிக்கையில் போட்டுக்கொள்ளலாம். ஒருத்தி ஒரே சங்கதியை நூறு தடவை வாசிப்பதை எங்கே போடுவது?

எட்டாவது வாரம் வந்த வினை அங்கிருந்து கிளம்பியதுதான். "ஆதரவாளர்களுக்காக" என்று சொல்லி, வாரத்தில் இரண்டு நாள் ஒயிட்ஃபீல்டு பக்கம் அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸ்களில் வாசிக்க வேண்டும் என்றார்கள். பசவனகுடியிலிருந்து ஒயிட்ஃபீல்டு போய் வந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டாம். மத்தியானம் மூன்றுக்குக் கிளம்பினால் ராத்திரி பதினொன்று. அங்கே குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாட, ஒரு ஓரத்தில் பஜ்ஜி ஸ்டால், நடுவில் நாங்கள். மறுநாள் காலைச் சாதகம் போச்சு. அதோடு, வீட்டுக் கூடத்தில் நாங்கள் தப்பும் தவறுமாகப் பழகிக்கொண்டிருந்ததை யாரோ எடுத்து யூடியூபில் போட்டும் விட்டார்கள், எங்களைக் கேட்காமல். ஸ்ரீரங்கத்துப் பையன் குரல் கட்டியிருந்த நாள் அது. அவன் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

அப்பா வற்புறுத்தி வாங்க வைத்த கடிதம் இங்கேதான் கை கொடுத்தது. அதில் "இறுதி நிகழ்ச்சி ஒன்று தவிர வேறு நிகழ்ச்சிகள் இல்லை" என்று ஒரு வரி இருந்தது. ஐந்து பேரும் சேர்ந்து போய் அதைக் காட்டினோம். சண்டை எல்லாம் இல்லை, கொஞ்சம் முகம் சுளித்தார்கள், அப்புறம் வாரம் இரண்டு என்பது மொத்தமே இரண்டு என்று ஆனது, யூடியூபிலிருந்து வீடியோவும் நீக்கப்பட்டது. ஒலி, ஒளிப்பதிவு யாருக்குச் சொந்தம், எதை வெளியிடலாம் என்று கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லாததால் அதற்கு மட்டும் கெஞ்ச வேண்டியிருந்தது. நீங்கள் கெஞ்ச வேண்டாம், எழுதி வாங்கிவிடுங்கள்.

பெண் பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோருக்குத் தனியாக ஒன்று. அறைக்கு உள்தாழ் இருக்கிறதா, இன்னொரு சாவி யாரிடம், ராத்திரி வீட்டில் பொறுப்பாக யார் இருக்கிறார்கள், வருகிற மூத்த கலைஞர்கள் தனி அறையில் பாடம் எடுப்பார்களா, கூடத்திலா, இதெல்லாம் கேட்பதில் வெட்கமே வேண்டாம். 2018-ல் சங்கீத உலகில் அத்தனை பாலியல் தொல்லைப் புகார் எழுந்த பிறகும் "எங்க இடத்துல அதெல்லாம் கிடையாது" என்று மட்டும் பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமானால் சட்டப்படி உள் புகார்க் குழு இருக்க வேண்டும், சின்ன இடமானால் மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு. யாரிடம் புகார் செய்வது என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்களா பாருங்கள். எங்கள் வீட்டில் ஒட்டியிருந்தது, அந்த விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ரெசிடென்சி கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடாது. மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரை உள்ள கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் உதவித்தொகை தருகிறது, குருவிடம் ஐந்து வருடமாவது கற்றிருக்க வேண்டும். வீட்டில் இருந்தபடியே உங்கள் குருவிடமே கற்கலாம். சிலருக்கு அதுவே நல்லது.

அடுத்த வருடம் அதே டிரஸ்ட், அப்ளிகேஷன்களை முதல் சுற்று படிக்க என்னைக் கூப்பிட்டது. ஒரே உட்காரலில் 60 படித்ததில் தெரிந்துகொண்டது இது. "சங்கீதம் என் உயிர்" என்று ஆரம்பிக்கிற கடிதம் பாதிக்கு மேல். பக்கம் பக்கமாகப் பரிசுப் பட்டியல். நாங்கள் மூன்று பேர் படித்தோம், மூன்று பேருமே முதலில் எடுத்து வைத்தது சேலத்துப் பையன் ஒருவனுடைய ஆறு வரிக் கடிதம்: "எனக்குக் கல்யாணி சுலபமாக வருகிறது, அதனால் எல்லா இடத்திலும் அதையே பாடுகிறேன். பைரவியில் பத்து நிமிஷம் பாடினால் அதற்கு மேல் சரக்கு இல்லை. மூன்று மாதம் பைரவியும் முகாரியும் மட்டும் பாட வேண்டும்." நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ரெக்கார்டிங்கும் அப்படித்தான், ஸ்டுடியோவில் எக்கோ போட்டு மெருகேற்றி அனுப்பாதீர்கள், எதைத் திருத்தினீர்கள் என்று கேட்கிறவருக்குச் சந்தேகம்தான் வரும். தம்புரா, நீங்கள், மொபைல், மின்விசிறியை அணைத்த ஒரு அறை போதும். மங்களகரமாக வர்ணத்தில் ஆரம்பித்துப் பன்னிரண்டாவது நிமிஷத்தில் ஆலாபனைக்கு வராதீர்கள், முதல் ஐந்து நிமிஷத்தில் ராகம் வந்துவிட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் தனி ஆவர்த்தனத்தை மட்டும் அனுப்பாமல், ஒருவர் பாட்டுக்குப் பின்னால் வாசித்ததையும் அனுப்புங்கள், அதைத்தான் கேட்கத் துடிப்போம்.

எங்கள் கடைசி வாரங்களில் ராமநவமி வந்தது. சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ராமசேவா மண்டலி 1939 முதல் நடத்துகிற கச்சேரிகள், வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ராத்திரி ஐந்து பேரும் போய்ப் பந்தலில் உட்கார்ந்து, திரும்பி வரும் வழியெல்லாம் வயலின்காரர் எங்கே விட்டார், எங்கே விடவில்லை என்று பேசிக்கொண்டே வருவோம். ஒரு இடத்தில் அவர் நாலு அட்சரம் முழுக்கச் சும்மா இருந்தார். பாலக்காட்டுப் பெண் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, முழங்கையால் மட்டும் இடித்தாள்.

இந்த ஜனவரியில் புதிய ஐந்து பேர் வருவதற்கு முன்பு வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். சமையல் அக்கா அதே அக்காதான். காந்தி பஜாரில் ஒரு கிலோ ரவையும் ஒரு எவர்சில்வர் டப்பாவும் வாங்கி, மூடி மேல் மார்க்கரில் "மிருதங்கம்" என்று எழுதி, அடுப்பங்கரையில் வைக்காமல் கூடத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.